அடுக்குக் கோப்பு முறைமையை நம்பலாமா? எழுதுவது எந்த அடுக்கில் விழுகிறது என்று முதலில் பாருங்கள்

அம்பத்தூரில் கணினிப் பயிற்சி மையம் நடத்தும் ஒருவர் கேட்டிருக்கிறார். அவரிடம் 18 கணினிகள் இருக்கின்றன, எல்லாவற்றிலும் உபுண்டு லினக்ஸ். மாணவர்கள் கண்டதையும் மாற்றிவிடுகிறார்கள். மின்சாரம் போய் வந்தால் ஒன்றிரண்டு இயந்திரங்கள் மறுபடி எழுவதில்லை. ஒவ்வொரு முறை இயக்கும்போதும் கணினி பழைய நிலைக்கே திரும்பும்படி ஓவர்லே என்ற அடுக்குக் கோப்பு முறைமையைப் போட நினைக்கிறார். அடுக்குக் கோப்பு முறைமைகள் நிலையில்லாதவை, தரவைத் தின்றுவிடும் என்று நண்பர் ஒருவர் அவரை எச்சரித்திருக்கிறார். போதாக்குறைக்கு, மாணவர் கட்டண விவரம் வைத்திருக்கும் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம், நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளில் அடைத்து ஓட்டும் டாக்கரில் ஓடுகிறது. அதுவும் இதே ஓவர்லேயின் மேல்தான் என்று இப்போதுதான் தெரிந்து பயந்திருக்கிறார்.

இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. இந்த அடுக்கு தானாக உடைந்து கோப்புகளைக் கெடுக்குமா என்பது ஒன்று. நான் எழுதியது, நான் நினைத்த இடத்தில்தான் போய் விழுந்திருக்கிறதா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு அஞ்ச வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். இரண்டாவதில்தான் மனிதர்கள் கண்ணீர் விட்டதைப் பார்த்திருக்கிறேன். 2006 முதல் சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் கல்லூரி ஆய்வகங்களுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் லினக்ஸ் அமைத்துப் பராமரித்துவருகிறேன். பெரிய தரவு மையங்களில் வேலை செய்ததில்லை. ஆகவே நான் சொல்வது பத்திலிருந்து ஐம்பது கணினிகள் உள்ள இடங்களுக்குப் பொருந்தும். அதற்கு மேல் நீட்டிப் பார்க்காதீர்கள்.

கட்டட வரைபடம் போடுபவர்கள் மூல வரைபடத்தின் மேல் டிரேசிங் தாளை விரித்துத் திருத்துவதைப் பார்த்திருப்பீர்கள். கீழே உள்ள கோடுகள் ஊடுருவித் தெரியும். புதிய கோடு மேல் தாளில் விழும். கீழே உள்ள ஒரு சுவரை நீக்க வேண்டுமானால் அந்த இடத்தில் மேல் தாளில் ஒரு வெள்ளைத் துண்டை ஒட்டிவிடலாம். மூலத்தை யாரும் தொடுவதில்லை. ஓவர்லே செய்வது ஏறக்குறைய இதுதான். கீழ் அடுக்கு படிப்பதற்கு மட்டும், மேல் அடுக்கு எழுதுவதற்கு, இரண்டும் சேர்ந்த தோற்றம் பயனருக்கு. கீழ் அடுக்கில் உள்ள கோப்பை நீங்கள் அழித்தால், அதே பெயரில் ஒரு சிறப்புக் குறி மேல் அடுக்கில் வைக்கப்படும். அந்த வெள்ளைத் துண்டு இருக்கும்வரை கீழே உள்ள கோப்பு கண்ணுக்குத் தெரியாது. மேல் தாளை எடுத்து எறிந்தால் மூலம் அப்படியே இருக்கும். உங்கள் 18 கணினிகளுக்கும் இதுதான் வேண்டும்: மேல் தாளை நினைவகத்தில் (ரேமில்) வைத்து, மின்சாரம் போனதும் அது தானாகக் காற்றில் கரையட்டும்.

நண்பரின் பயம் ஆதாரமற்றது என்று நான் சொல்லமாட்டேன். அது பழைய காலத்தின் பயம். லினக்ஸில் முதலில் பரவலாகப் பேசப்பட்டது யூனியன்எஃப்எஸ். அமெரிக்காவின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் எரெஸ் சடோக்கின் குழு அதை உருவாக்கியது. பிறகு 2006-இல் ஜப்பானியர் ஜுன்ஜிரோ ஒகாஜிமா ஏயுஎஃப்எஸ் என்பதைத் தொடங்கினார். நிறுவாமலே இயங்கும் லைவ் குறுந்தகடுகள் பல அதை நம்பித்தான் ஓடின. 2013-இல் டாக்கர் வெளிவந்தபோதும் அடியில் இருந்தது அதுதான். ஆனால் ஏயுஎஃப்எஸ் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் மூல மரத்துக்குள் (அதிகாரபூர்வ நிரல் தொகுப்புக்குள்) கடைசிவரை சேர்க்கப்படவில்லை. புதிய கெர்னல் வரும்போதெல்லாம் வெளியிலிருந்து ஒட்டுப்போட வேண்டியிருந்தது. ஒட்டு கெர்னலோடு பொருந்தாமல் இரவு இரண்டு மணிவரை ஆய்வகத்தில் உட்கார்ந்த நாட்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் யூனியன்எஃப்எஸ் கையேடோ, இது முழுமையாக ஆதரிக்கப்படவில்லை, உங்கள் தரவை அழித்துவிடக்கூடும் என்றே நெடுங்காலம் பெரிய எழுத்துகளில் எச்சரித்துவந்தது. அந்த வரிகளை ஒருமுறை படித்தவர் எந்த அடுக்கையும் எளிதில் நம்பமாட்டார்.

2014 டிசம்பரில் 3.18 கெர்னலோடு நிலைமை மாறியது. மிக்லோஷ் செரெடி எழுதிய ஓவர்லே அதில்தான் மூல மரத்துக்குள் வந்தது. அடுத்த ஆண்டு 4.0 கெர்னலில் பல கீழ் அடுக்குகளை ஒன்றாக வைக்கும் வசதியும் சேர்ந்தது. டாக்கர் நெடுங்காலம் இயல்பாகப் பயன்படுத்திவந்த ஓவர்லே2 அதன் மேல் நிற்கிறது. இது நிலையாக இருப்பதற்கு நான் காணும் முதல் காரணம் அதன் அடக்கம். ஏயுஎஃப்எஸ் பல அடுக்குகளில் எழுத அனுமதித்தது. ஓவர்லே ஒரே ஒரு அடுக்கில்தான் எழுதும். அதைவிட முக்கியமான காரணம், ஓவர்லே தானாக வட்டில் எதையும் எழுதுவதில்லை. எந்தத் தரவு வட்டின் எந்தப் பகுதியில் போக வேண்டும் என்று முடிவுசெய்வது அடியில் இருக்கும் எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ் போன்ற வழக்கமான கோப்பு முறைமைகள். மின்வெட்டில் ஒரு கோப்பு கெட்டுப்போனால் நியாயமாக விசாரிக்க வேண்டியது அவற்றையும், அவற்றுக்குக் கீழே இருக்கும் வட்டையும்தான்.

நீங்கள் அறியாமலே இதை அன்றாடம் பயன்படுத்திக்கொண்டிருக்கக்கூடும். ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற லினக்ஸ் ஓடும் வைஃபை ரூட்டர்களில் மென்பொருள் அமுக்கப்பட்ட, மாற்றமுடியாத கீழ் அடுக்காக இருக்கிறது; உங்கள் கடவுச்சொல்லும் அமைப்புகளும் மேல் அடுக்கில் விழுகின்றன. தொடக்க நிலைக்குத் திருப்பும்போது நடப்பது மேல் அடுக்கைத் துடைப்பதுதான். உபுண்டுவை நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே இயக்கிப் பார்ப்பதும் இப்படித்தான். ராஸ்பெரி பை என்ற சிறு கணினியின் அமைப்புக் கருவியிலேயே ஓவர்லேயை இயக்கும் வசதி இருக்கிறது. அடிக்கடி மின்சாரம் போகும் இடங்களில் அறிவிப்புப் பலகைக்கும் வருகைப் பதிவுக்கும் ராஸ்பெரி பை வைத்தவர்களிடம் முதலில் அதைப் போடச் சொல்வேன். எஸ்டி கார்டில் எழுத்து வேலை நடக்கும் நேரத்தில் மின்சாரம் போவதுதான் கார்டுகள் கெட்டுப்போவதற்கு நான் அதிகம் கண்ட காரணம். எழுத்தே நடக்கவில்லை என்றால் அந்த ஆபத்து பெருமளவு குறைகிறது. கார்டே தரமற்றதாக இருந்தால் ஓவர்லேயால் எதுவும் செய்ய முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். சென்னை ரிச்சி தெருவின் மின்னணுக் கடைகளில் விலை மலிவாகக் கிடைக்கிறதே என்று பெயர் தெரியாத கார்டை வாங்கிவந்து, பிறகு கோப்பு முறைமையின் மேல் பழி போடாதீர்கள்.

இனி, உறுதியாகத் தெரிந்த குணக்கேடுகள். கீழ் அடுக்கில் இருக்கும் கோப்பை எழுதுவதற்காகத் திறந்தாலே போதும், அது முழுவதுமாக மேல் அடுக்குக்கு நகலெடுக்கப்படும். ஒரு எழுத்தை மாற்றினாலும் முழுக் கோப்பும் ஏறும். சிறிய கோப்புகளில் இது தெரியவே தெரியாது. ஆனால் மாணவர்களுக்காக, கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் 6 ஜிபி அளவுள்ள மெய்நிகர் வட்டு ஒன்றைக் கீழ் அடுக்கில் வைத்திருந்தால், அதை இயக்கிய கணத்தில் அந்த 6 ஜிபியும் மேலே ஏறப் பார்க்கும். மேல் அடுக்கு நினைவகத்தில் இருந்தால் இயந்திரம் அங்கேயே மூச்சுத்திணறி நின்றுவிடும். அடுத்தது, கீழ் அடுக்கில் உள்ள ஓர் அடைவின் (ஃபோல்டரின்) பெயரை நேரடியாக மாற்றும் மென்பொருளுக்கு, இது வேறு கோப்பு முறைமை என்ற பிழை வரலாம். கட்டளை வரியில் பெயரை மாற்றினால் பிழையை உணர்ந்து அந்தக் கட்டளை நகலெடுத்துச் சமாளித்துக்கொள்ளும். எல்லா மென்பொருள்களும் அவ்வளவு பொறுமை காட்டுவதில்லை. இதைத் தீர்க்கும் வசதி 4.10 கெர்னலிலிருந்து இருக்கிறது, ஆனால் பல இடங்களில் அதை நாமே இயக்க வேண்டும்.

இன்னொன்று, ஒரு நிரல் கோப்பைப் படிக்கத் திறந்து வைத்திருக்கும்போது வேறொரு நிரல் அதே கோப்பில் எழுதினால், முதல் நிரல் பழைய கோப்பையே பார்த்துக்கொண்டிருக்கும் என்று இணையத்தில் எங்கும் எழுதியிருப்பார்கள். 2018 அக்டோபரில் 4.19 கெர்னல் வரும்வரை அது உண்மை. அதன்பின் சாதாரணமாகப் படிப்பதில் அந்தச் சிக்கல் தீர்ந்துவிட்டது. கோப்பை நினைவகத்தோடு இணைத்துப் படிக்கும் நிரல்களுக்கு மட்டும் இன்றும் எஞ்சி நிற்கிறது. அடுக்குகளைப் பற்றிய பழைய கட்டுரை எதைப் படித்தாலும் அது எந்தக் கெர்னலைப் பற்றியது என்று முதலில் பாருங்கள். நண்பரின் எச்சரிக்கையில் பாதி இப்படிக் காலாவதியானதாகத்தான் இருக்கும்.

காலாவதியாகாத விதி ஒன்று உண்டு. ஓவர்லே இயங்கிக்கொண்டிருக்கும்போது கீழ் அடுக்கை நேரடியாக மாற்றக் கூடாது. கெர்னலின் ஆவணமே, அப்படிச் செய்தால் விளைவு வரையறுக்கப்படாதது என்றும், ஆனால் இயந்திரம் முடங்கிப்போகாது என்றும் சொல்கிறது. இதை நான் நேரில் கற்றுக்கொண்டேன். ஒரு கல்லூரி ஆய்வகத்தில் முப்பது கணினிகளுக்கும் ஒரே சேவையகத்திலிருந்து வலையமைப்பில் கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ் வழியாகக் கீழ் அடுக்கைக் கொடுத்திருந்தோம். தேர்வுக்கு முந்தைய நாள் ஒரு மென்பொருளை மேம்படுத்தச் சொன்னார்கள். மாணவர்கள் பயிற்சியில் இருக்கும்போதே சேவையகத்தில் அந்த மேம்படுத்தலை ஓட்டினேன். சில கணினிகளில் பழைய நூலகக் கோப்பும் புதிய நிரலும் கலந்துபோயின. சிலவற்றில் கோப்பின் கைப்பிடி காலாவதியானது என்ற பிழை. எந்த இரண்டு கணினிகளும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை. எல்லாவற்றையும் அணைத்து இயக்கியதும் சரியாகிவிட்டது. கோப்பு எதுவும் கெடவில்லை. ஆனால் அந்த அரை நாளில் ஆசிரியர்களும் மாணவர்களும் பட்ட தவிப்புக்கு முழுப் பொறுப்பும் என்னுடையது. அன்றிலிருந்து கீழ் அடுக்கைப் புதிதாக வேறொரு அடைவில் உருவாக்கி, எல்லாரும் வெளியேறிய பிறகு அதற்கு மாற்றிவிடுகிறேன்.

உங்கள் மையத்துக்கு வருவோம். உபுண்டுவில் ஓவர்லேரூட் என்ற தொகுப்பு இருக்கிறது. அதன் அமைப்புக் கோப்பில் ஒரு வரி மாற்றினால், மேல் அடுக்கு நினைவகத்துக்குப் போய்விடும். அங்கே ஒரு கண்ணி காத்திருக்கிறது. ரிகர்ஸ் (recurse) என்ற அமைப்புத் தேர்வின் இயல்பு மதிப்பு 1. அப்படி இருந்தால் வேர் அடைவு மட்டுமல்லாமல் வட்டின் தனிப் பிரிவில் இருக்கும், பயனர் கோப்புகளுக்கான ஹோம் அடைவும் சேர்ந்து உறைந்துபோகும். மாணவன் மாலைவரை எழுதிய நிரல் மறுநாள் காலையில் இருக்காது. மாணவர் வேலையைச் சேமிக்க வேண்டுமானால் ஹோமைத் தனிப் பிரிவாக்கி அந்த மதிப்பை 0 ஆக்குங்கள். அல்லது ஹோமை வலையமைப்பில் ஓர் இடத்தில் வையுங்கள். ஹோம் பிரிவுக்கு மட்டும் மின்வெட்டின் ஆபத்து திரும்ப வந்துவிடும் என்பதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனாலும் இயந்திரம் எழாமல் போகும் தொல்லை பெருமளவு தீரும்; இப்போது உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அதுதானே.

நினைவகத்தில் இருக்கும் மேல் அடுக்குக்கு, நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், மொத்த நினைவகத்தில் பாதிவரை இடம் கிடைக்கும். 4 ஜிபி இயந்திரத்தில் அது 2 ஜிபி. உலாவியின் தற்காலிகக் கோப்புகள், பதிவேடுகள் எல்லாம் சேர்ந்து அதை நிரப்பும். வட்டில் 200 ஜிபி காலியாக இருக்கும்போதே இடமில்லை என்று இயந்திரம் சொல்லும். இதைவிட மோசமானது உபுண்டுவின் தானியங்கிப் புதுப்பிப்பு. காலையில் இயக்கியதும் புதுப்பிப்புகளை இறக்கி நினைவகத்தில் நிறுவும், இரவில் அணைத்ததும் எல்லாம் போய்விடும், மறுநாள் மறுபடி இறக்கும். ஸ்னாப் என்ற உபுண்டுவின் மென்பொருள் தொகுப்புகளும் அப்படியே. 18 இயந்திரங்கள் தினமும் இப்படி இறக்கினால் உங்கள் இணைய இணைப்பு என்னாகும் என்று நினைத்துப் பாருங்கள். இரண்டையும் கட்டாயம் நிறுத்திவையுங்கள்.

நிறுத்தினால் அதோடு ஒரு கடமையும் வந்து சேருகிறது. உறைந்த இயந்திரம் தன் பாதுகாப்புக் குறைகளோடு சேர்ந்தே உறைந்திருக்கும். 2021-இல் வந்த 5.11 கெர்னலிலிருந்து சாதாரணப் பயனரும் தனக்கான பெயர்வெளிக்குள் (கெர்னல் பிரித்துக் கொடுக்கும் தனி வளையத்துக்குள்) ஓவர்லேயை இணைக்கலாம். அது நல்ல வசதி, கூடவே தாக்குவதற்கு ஒரு புதிய வாசலும்கூட. 2023-இல் வெளிவந்த சிவிஇ-2023-0386 என்ற குறைபாட்டின் வழியே, ஓவர்லே கோப்பை மேலே நகலெடுக்கும் விதத்தைப் பயன்படுத்திச் சாதாரணப் பயனர் ரூட் எனப்படும் முழு நிர்வாக உரிமை பெற முடிந்தது. அதே ஆண்டில் உபுண்டு தன் கெர்னலில் தனியாகச் செய்திருந்த மாற்றங்களிலும் இதைப் போன்ற குறைகள் கண்டுபிடிக்கப்பட்டுத் திருத்தப்பட்டன. ஆர்வமுள்ள மாணவர்கள் உட்காரும் கணினிகளில் இது வெறும் ஏட்டுக் கவலையாக இருக்காது. மாதம் ஒருமுறை, மையம் மூடிய பிறகு, ஓவர்லேரூட்-குரூட் என்ற கட்டளையால் கீழ் அடுக்குக்குள் நுழைந்து புதுப்பித்துவிட்டு உடனே மறு இயக்கம் செய்யுங்கள். ஓவர்லே இயங்கும்போது கீழே கைவைக்கக் கூடாது என்று மேலே சொன்னதற்கு இது முரண்தான். யாரும் வேலை செய்யாத நேரத்தில் செய்து, உடனே மறு இயக்கம் செய்வதால் ஏற்கத்தக்கதாகிறது. ஓவர்லேயை முழுவதுமாக நிறுத்திவிட்டு இயக்கிப் புதுப்பிப்பது இன்னும் சுத்தமான வழி. நான் பெரும்பாலும் அதையே செய்கிறேன்.

வேறு அடுக்குகளைப் பற்றிச் சுருக்கமாக. பல வட்டுகளை ஒன்றாகக் காட்டும் மெர்ஜர்எஃப்எஸ், ஓவர்லே செய்யும் வேலையைச் செய்வதில்லை. அதில் மேல், கீழ் கிடையாது. ஒவ்வொரு கோப்பும் ஏதோ ஒரு வட்டில் முழுதாக இருக்கும், ஒரு வட்டு போனால் அதிலிருந்தவை மட்டும் போகும். புகைப்படம், காணொளி சேமிக்க நல்லது. இன்னொன்று ஈக்ரிப்ட்எஃப்எஸ், கோப்புகளை மறையாக்கி அடியில் இருக்கும் கோப்பு முறைமையில் வைக்கும். ஒரு காலத்தில் உபுண்டு நிறுவும்போதே ஹோமை மறையாக்கித் தர இதைப் பயன்படுத்தியது, 18.04 பதிப்போடு அந்த வசதி நீக்கப்பட்டுவிட்டது. தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு அதில் ஒரு தனித் தொல்லை உண்டு. எக்ஸ்ட்4-இல் பெயர் 255 பைட்டுவரை போகலாம். ஈக்ரிப்ட்எஃப்எஸ்ஸில் 143 வரைதான். யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டு; 'கு' என்ற ஓர் எழுத்தே இரண்டு குறியீடுகள், ஆறு பைட்டு. முப்பது எழுத்தைத் தாண்டும் தமிழ்ப் பெயர் அங்கே நுழைவதே கடினம். பழைய மடிக்கணினியிலிருந்து அம்மாவின் பாட்டுத் தொகுப்பை நகலெடுக்கும்போது பெயர் நீளம் அதிகம் என்ற பிழை வந்தவர் யாராவது இதைப் படித்தால், காரணம் இதுதான். புதிதாக அமைப்பவர்கள் வட்டுப் பிரிவு முழுவதையும் மறையாக்கும் லக்ஸைப் பயன்படுத்துங்கள்.

கடைசியாக வைத்திருந்தாலும் எனக்கு மிகுந்த கவலை தருவது உங்கள் மைஎஸ்க்யூஎல். டாக்கர் கன்டெய்னரில் (நிரல் ஓடும் தனிப் பெட்டியில்), இமேஜ் எனப்படும் தயார்நிலை மென்பொருள் தொகுப்பு கீழ் அடுக்கு. கன்டெய்னர் ஓடும்போது எழுதுவதெல்லாம் அதன் மேல் அடுக்கு. கன்டெய்னரை நிறுத்தி இயக்கினால் மேல் அடுக்கு அப்படியே இருக்கும். கன்டெய்னரை நீக்கினால் மேல் அடுக்கும் சேர்ந்து போகும். 2017-இல் ஒரு சிறு அலுவலகத்தில் அவர்களே கட்டிய தரவுத்தள இமேஜ் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. தரவுக்கென்று வால்யூம், அதாவது கன்டெய்னருக்கு வெளியே தனிச் சேமிப்பிடம், எதுவும் இல்லை. ஏழு மாதம் எந்தப் பிசகும் இல்லாமல் ஓடியது. புதிய பதிப்புக்கு மாற்ற, பழைய கன்டெய்னரை நீக்கிவிட்டுப் புதியதை இயக்கினார்கள். ஏழு மாதக் கணக்கும் அந்த ஒரே கட்டளையில் போய்விட்டது. கணக்கெழுதும் அம்மா ரசீதுக் கட்டுகளை வைத்துக்கொண்டு மூன்று வாரம் மறுபடி பதிவு செய்தார். ஓவர்லே அங்கே துளியும் தவறவில்லை. அதனிடம் சொன்னதைச் செய்தது.

ஆகவே தரவுத்தளம் வால்யூமில்தான் இருக்க வேண்டும். வால்யூம் ஓவர்லேயைத் தாண்டி நேராக எக்ஸ்ட்4-இல் எழுதும். பெரிய கோப்பை மேலே நகலெடுக்கும் தாமதமும் இருக்காது. இப்போது உங்கள் சேவையகத்தில் டாக்கர் இன்ஸ்பெக்ட் கட்டளையை அந்தக் கன்டெய்னர் மேல் ஓட்டி, மவுன்ட்ஸ் என்ற பகுதியைப் பாருங்கள். நீங்கள் வைத்த பெயரோ அடைவோ அங்கே தெரிந்தால் நிம்மதி. நீளமான எண்ணும் எழுத்துமாக ஒரு பெயர் தெரிந்தால் அது பெயரிடப்படாத வால்யூம். அதிகாரபூர்வ மைஎஸ்க்யூஎல் இமேஜ் அதைத் தானாக உருவாக்கும். கன்டெய்னரைச் சாதாரணமாக நீக்கினால் தரவு பிழைத்திருக்கும், ஆனால் புதிய கன்டெய்னர் அதைத் தேடிக்கொண்டு போகாது. வால்யூமையும் சேர்த்து நீக்கும்படி கட்டளையிட்டாலோ, வட்டில் இடம் மீட்க என்று பயன்படாத வால்யூம்களைத் துடைத்தாலோ அதுவும் போய்விடும். அந்தப் பகுதி வெறுமையாக இருந்தால், மேலே ஆய்வகத்தைப் பற்றி நான் எழுதியதை எல்லாம் அடுத்த வாரத்துக்கு ஒத்திவையுங்கள். கன்டெய்னரைத் தொடாமல், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே மைஎஸ்க்யூஎல்-டம்ப் (தரவுத்தளத்தின் முழு நகல்) எடுத்து, வேறொரு கணினியில் ஒரு நகலும் பென் டிரைவில் ஒரு நகலும் இன்று மாலைக்குள் வைத்துவிடுங்கள். எடுத்த டம்பை இன்னொரு இயந்திரத்தில் ஏற்றி, கடைசியாகக் கட்டணம் கட்டிய மாணவரின் பெயர் வருகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். வால்யூமுக்கு மாற்றுவதை அதன்பிறகு சேர்ந்தே செய்வோம்.